கிணத்துக்கட்டு

முதல் தரம் வந்த அண்டு பற்றீசியா மிஸ்
வீட்டுக்குள்ள வரேல்லை.
நேரே கிணத்தடிக்குப் போனா,
ஒரு கல்லெடுத்துப் போட்டா,
சத்தம் வருமட்டும் குனிஞ்சு நிண்டா.
"கட்டில்லாத கிணத்து வீட்டுக்குப்
பிள்ளை குடுக்கத் திணைக்களம் விடாது."

மல்லாவிச் சந்தியில ரியூப் ஒட்டுறவர் இவர்.
பின்னேரமே மூண்டு பை சீமெந்து கடனுக்கு வந்தது.
பிறகு அரைப் பை,
பக்கத்து வளவு மலசலகூடத்தில மிஞ்சினது.
ரோச் லைற்றை நான் பிடிக்க
இரவிரவாக் கல்லடுக்கினார்.
பதினொரு வருசம்
நாங்கள் ரெண்டுபேரும் விழாமல் அள்ளின தண்ணி.
எங்களுக்கெண்டு ஒரு கட்டு வேணும் எண்டு
ஒருநாளும் தோன்றேல்லை.

படிவம் பதினாலு பக்கம்.
வருமானம், வருத்தங்கள், பொலிஸ் அறிக்கை,
கிராம சேவகரின்ர கடிதம்,
முத்திரை தலைகீழா விழுந்திருந்தது, அதுக்கு இன்னொரு கடிதம்.
எத்தினை வயசுக்குள்ள வேணும்?
"எல்லாரும் ரெண்டு வயசுக்குள்ள எண்டுதான் எழுதுவினம்,"
மிஸ் சொன்னா, "வரிசை நீளம்."

வரிசை தெரியும் எங்களுக்கு.
மாவுக்கு நிண்டம், கஞ்சிக்கு நிண்டம்,
பேர் பதிய நிண்டம்.
"ஏழு எண்டு போடு," எண்டார் இவர்.
"ஏழெண்டால் வந்த உடனை சைக்கிள் பழக்கலாம்."

உயிரோடுள்ள பிள்ளைகள்: இல்லை.
இறந்த பிள்ளைகள்: 1.
ஆண்டு எண்ட இடத்தில
நான் பேனையை வைக்க முதலே
மிஸ் தானே எழுதிப்போட்டா.
கேக்கேல்லை.

யதுசிகா வந்தாள் ஒரு கடைப்பையோட.
ரெண்டு சட்டை, கழுத்துப் பட்டியில மையால 17.
சீப்பில 17. சோப்புப் பெட்டியில 17.
முறிகண்டியில பஸ் நிக்கக்
கச்சான் சுருளொண்டு வாங்கிக் குடுத்தன்.
தின்னேல்லை.
"எத்தினை பேருக்கு, மிஸ்?"
"உனக்குத்தான்."
என்னைப் பாத்தாள், டிரைவரைப் பாத்தாள்,
மடியில கொட்டி மூண்டு பங்கு பிரிச்சாள்.
மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு குழி,
பங்கெல்லாம் கலந்துபோச்சு.
முதலிலயிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அவளுக்குச் சமைச்சவ மிஸ்,
ஊசி போட்டவ மிஸ்,
பேன் பாத்தவ, அடிச்சவ, இடம் மாறிப் போனவ
எல்லாரும் மிஸ்.
நானும் மிஸ்.
இவர் சேர்.
கையில கொம்பவுண்ட் மணக்கிற சேர்.
சந்தியில சனம் சிரிக்கும்,
இவருக்குக் காது சிவக்கும்,
ஆனால் கூப்பிட்ட உடனை "ஓம்" எண்டு எழும்புவார்.

சைக்கிள் பழக ஒரு கிழமை.
தலையணைக்குக் கீழ பாண் வைக்கிறதை விட
நாலு மாதம்.
எறும்பு வந்தது. ஒண்டும் சொல்லேல்லை.
கட்டில் கால் நாலுக்கும்
சிரட்டையில தண்ணி வைச்சன்.

கிளிநொச்சி நீதிமன்றத்தில
எங்கட பேரை வாசிக்கேக்க
சபாநேசன் எண்டதுக்கு இவர் எழும்ப மறந்து நிண்டார்,
ஏற்கெனவே நிண்டுகொண்டிருந்தவர்.
நீதிபதி கண்ணாடியைக் கழட்டினார்.
"பிள்ளை, இவையோட இருக்க விருப்பமா?"
அவள் கன நேரம் யோசிச்சாள்.
மின்விசிறி மட்டும் கதைச்சது.
"அங்க கிணத்துக்குக் கட்டிருக்கு, சேர்."
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பாத்தார்,
இதை எப்பிடிப் பதியிறது எண்டு.
"ஆம் எண்டு போடுங்கோ," எண்டார் நீதிபதி.

புதுப் பதிவுப் பத்திரம் வந்தது.
தாயின் பெயர்: நான்.
மூண்டு தரம் உரத்து வாசிச்சாள்,
மடிச்சுத் தந்தாள்:
"இந்தாங்கோ, மிஸ்."

நேற்று வாய்க்காலடியில
விஜிதாவோட கதைச்சுக்கொண்டு நிக்க
அவளின்ர பெடியன், சேறு பிடிச்ச கையோட,
என்னில தொங்கினான்.
எங்கையிருந்து வந்தாளோ தெரியாது.
ஒரு தள்ளு.
"விடடா! அது என்ர மிஸ்."

பெடியனுக்கு முழங்கால் உரசிப்போச்சு.
விஜிதா ஏசினாள், நியாயம்தான்.
நான் மன்னிப்புக் கேட்டன்,
கேட்டமாதிரி.